தண்ணீர், கரண்ட் விரைவில் வரும்

எங்கள் மாடிவீட்டுத் தம்பிக்குப் பெங்களூர் எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில் வேலை. அவருக்குச் சம்பளம் தருவது ஒரு பெரிய நிறுவனம். சாயங்காலம் தொம்மலூருக்குத் திரும்பியதும் உலகத்தின் எல்லாப் பெரிய நிறுவனங்களுக்கும் அவர் ஜென்ம விரோதி. எந்தத் தேசத்தில் எவர் புதிதாக ஒரு ஓபன் சோர்ஸ் போன் பிளாட்ஃபார்மைத் தொடங்கினாலும் முதலில் அவருக்குத் தெரியும். அடுத்தபடியாக எனக்குத் தெரியும். அவர் மாடிப்படி என் வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது.

2023 ஜனவரியில் அப்படித்தான் ஒருநாள் படியேறாமல் என் வாசலிலேயே நின்றுவிட்டார். சென்னை ஐஐடியில் வளர்ந்த ஒரு சிறு நிறுவனம் ‘பரோஸ்’ என்று இந்தியாவுக்கே உரிய இயங்குதளத்தை உருவாக்கியிருந்தது. மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் ஜனவரி 24 அன்று அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

“இந்தத் தடவை நிச்சயம், அண்ணா. கூகுள், ஆப்பிள் ரெண்டு பேரும் காலி. இதுல கம்பெனிக்காரன் திணிச்ச ஆப் ஒண்ணுகூடக் கிடையாது.”

“அப்ப உள்ளே என்னதான் இருக்கு?”

“நம்பிக்கை இருக்கு, அண்ணா.”

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்குவது சுலபம். கூகுளின் ஆண்ட்ராய்ட் என்பது ஃபுல்லி ஃபர்னிஷ்டு வீடு. கட்டில், பீரோ, கேஸ் ஸ்டவ் எல்லாம் உண்டு. அட்வான்ஸ்கூடக் கேட்க மாட்டார்கள். சாவி மட்டும் ஒன்று ஓனரிடம் இருக்கும். நாம் தூங்கும்போது வந்து, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, அதே பலகாரத்தின் விளம்பரத்தைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். ஐபோன் என்பது கேட்டட் கம்யூனிட்டி. பத்து மாத அட்வான்ஸ். வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க அசோசியேஷனுக்கு மனுப் போட வேண்டும். தம்பி சிபாரிசு செய்யும் ஓபன் பிளாட்ஃபார்ம் இருக்கிறதே, அது காலி மனை. இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். எட்டிப் பார்க்க ஓனரே கிடையாது. தண்ணீர், கரண்ட், ரோடு மூன்றும் விரைவில் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பரோஸைக் கட்டியதே ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை வைத்துத்தான். ஓனரை எதிர்த்துக் கட்டும் வீட்டுக்குச் செங்கல் சப்ளை அதே ஓனர். அந்த ஓனரும் ஒருகாலத்தில் புரட்சிக்காரர். 2007 நவம்பரில் ஆண்ட்ராய்ட் அறிவிக்கப்பட்டபோது ஊரை ஆண்டுகொண்டிருந்தது நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மாற்றலாம் என்று வசனம் பேசிக்கொண்டு வந்த அன்றைய மாடிவீட்டுத் தம்பிதான் இன்றைய வீட்டுக்காரர். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். புரட்சி ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தோற்றால் என்ன ஆகும் என்பது இன்னும் சுவாரசியம். 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ‘கிளவுட் எஃப்எக்ஸ்’ என்ற போனை 1,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. உள்ளே மோசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். செயலிகள் எல்லாம் வலைப்பக்கங்களைப் போலவே எழுதப்பட்டவை. இணையமே உங்கள் வீடு என்பது தத்துவம். தத்துவத்துக்கு 128 எம்பி ராம், வீட்டுக்குப் போகும் வழி 2ஜி.

அப்போது ஆம்பூரிலிருந்து அத்தை வந்திருந்தார். திறந்த தரம், நிரல் உரிமை, ஏகபோக எதிர்ப்பு என்று நான் பத்திரிகையில் படித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “எல்லாம் சரிடா, அதுல வாட்ஸ்அப் வருமா?” என்றார்.

வரவில்லை. ஃபயர்பாக்ஸ் போனுக்கு அதிகாரபூர்வ வாட்ஸ்அப் கடைசிவரை வரவே இல்லை. 2015 முடிவதற்குள் மோசில்லா போன் வியாபாரத்திலிருந்து விலகிக்கொண்டது. கலிபோர்னியாவில் பெரிய பெரிய ஆட்கள் கூட்டம் போட்டுக் கண்டுபிடித்த காரணத்தை அத்தை காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

குடிவந்தவர்கள் இல்லாத லேஅவுட்டில் மளிகைக்கடை வைக்க எவரும் வர மாட்டார். மளிகைக்கடை இல்லாத லேஅவுட்டுக்கு எவரும் குடிவர மாட்டார். பணத்தால் இதைச் சரிக்கட்டலாம் என்று நினைத்தது மைக்ரோசாஃப்ட். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலையே வாங்கியது (வரித் தகராறில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை விட்டுவிட்டு). விண்டோஸ் போனில் கடை போடுகிறவர்களுக்குக் காசு கொடுத்தது. சில கடைகளைத் தானே கட்டியும் கொடுத்தது. 2017-ல் அதுவும் கையை விரித்தது.

இப்படி ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிக்கொண்டிருக்க, எங்கள் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் கோயில் கொடைகளைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக ஒரு அப்டேட் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பிளாட்ஃபார்ம் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

தோற்றவர்கள் எங்கே போனார்கள்? டிவிக்கு. சாம்சங் 2015 ஜனவரியில் 5,700 ரூபாய்க்கு இங்கே இறக்கிய இசட்1 போனின் டைசன் இயங்குதளம் இன்று அவர்கள் டிவிகளில் ஓடுகிறது. பாம் நிறுவனம் போனுக்காகப் பெற்றெடுத்த வெப்ஓஎஸ், எல்ஜி டிவிக்குள் இருக்கிறது. ஃபயர்பாக்ஸும் பானசோனிக் டிவிக்குள் கொஞ்ச காலம் தலைகாட்டியது. பெரிய திரையில் வாய்ப்புக் குறைந்தவர்கள் சின்னத்திரைக்கு வருவது கோடம்பாக்கத்து வழக்கம் மட்டும் என்று எண்ணியிருந்தேன்.

ஆனால் ஃபயர்பாக்ஸ் கதை அதோடு முடியவில்லை. 2017 ஜூலையில் முகேஷ் அம்பானி ஜியோபோனை அறிவித்தார். பட்டன் போன், திருப்பித் தரப்படும் டெபாசிட் 1,500 ரூபாய். உள்ளே இருந்த கைஓஎஸ், மோசில்லா கைவிட்ட அதே நிரலின் வாரிசு. 2018 ஜூனில் அதில் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது யார் தெரியுமா? கூகுள். செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்தது. காலி மனைக்கு ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. டேங்கர் லாரியின் மேல் பழைய ஓனரின் பெயர் எழுதியிருந்தது.

அத்தை ஒன்று வாங்கினார். தினமும் விடிவதற்குள் ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பத் தொடங்கினார். மாடிவீட்டுத் தம்பி வாழ்நாளெல்லாம் கனவு காணும் திறந்த நிரல் தன் சுருக்குப் பைக்குள் வெற்றிலையோடு கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சார்ஜ் நிற்குமா என்றுதான் கேட்டிருப்பார்.

தம்பி இப்போது இரண்டு போன் வைத்திருக்கிறார். கூகுளின் வாடையே படாத போன் ஒன்று. கூகுளின் சான்று இல்லாத போனைக் கண்டால் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும் என்பதால் இன்னொன்று. வலது பாக்கெட்டில் சுதந்திரம், இடது பாக்கெட்டில் இளநீர்க்காரருக்கு ஸ்கேன் செய்து காசு கொடுப்பதற்கான அடிமைத்தனம். இரண்டையும் ஒரே சார்ஜரில் போடுகிறார்.

அவரைக் கேலி செய்வது எளிது, செய்கிறேன். ஆனால் ஒரு தேதியை மட்டும் அவர் எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார். பரோஸ் சோதனைக்கு மறுநாள், 2023 ஜனவரி 25 அன்று, இந்தியாவில் போன் தயாரிப்பவர்கள் இனி தங்களுக்கு வேண்டிய கூகுள் செயலிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று கூகுள் இறங்கிவந்தது. “பயந்துட்டான், அண்ணா!” என்கிறார் தம்பி. ஆறு நாள் முன்பு போட்டி ஆணையத்தின் உத்தரவை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் மறுத்ததுதான் காரணம் என்று நான் சட்டம் பேசுவேன். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தெருமுனையில் ஒரு காலி மனையும், அதில் வேலி போட்டுக் காத்திருக்கும் சில பைத்தியங்களும் இருக்கிற பேட்டையில், வாடகையை ஏற்றுவதற்கு முன் ஓனர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளத்தான் செய்வார்.

நீங்கள் எப்போது அங்கே குடிபோகப் போகிறீர்கள் என்று தம்பி என்னைக் கேட்டார். முதலில் எங்கள் அத்தை போகட்டும் என்றேன். அவர் போய் உட்கார்ந்த இடத்துக்கு வாட்ஸ்அப் தன்னால் ஆட்டோ பிடித்து வரும்.