முக்கால் மில்லிமீட்டர் பங்காளிகள்

1895-ல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி .30-30 தோட்டாவைச் சந்தைக்கு விட்டது. புகையில்லா மருந்து. அதற்குமுன் கருமருந்து போட்டுச் சுட்டவர், மான் விழுந்ததா ஓடியதா என்று தெரிய புகை கலையும்வரை நிற்க வேண்டும். அந்தத் தொல்லை ஒழிந்தது. மான் வேட்டைக்கு அதுவே போதும். கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

ராணுவம் விடவில்லை. 1903-ல் மொண்ணை மூக்குக் குண்டோடு ஒரு தோட்டா செய்தது. ஜெர்மன்காரன் கூர்மூக்குக் குண்டு போடுகிறான் என்றதும் அடித்துப்பிடித்துத் தானும் சீவிக்கொண்டது. அதுதான் .30-06, கடைசி இரண்டு எண்ணும் பிறந்த வருஷம். அதைச் சுடும் ரைஃபிளும் ஜெர்மனியின் மவுசர் ரைஃபிளைப் பார்த்து அடித்த காப்பி. பிறகு ராயல்டி கட்டினார்கள்.

1925-ல் வின்செஸ்டர் அதே குடும்பத்துத் தோட்டாவின் கழுத்தை நெரித்து .270 என்று பெயர் வைத்தது. இரண்டு குண்டுக்கும் பருமனில் வித்தியாசம் 0.031 அங்குலம். முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்! இதற்குத்தான் அத்தனை வருஷப் பங்காளிச் சண்டை.

.270 கட்சிக்குத் தலைவர் ஜாக் ஓகானர். அரிசோனாவில் பேராசிரியராக இருந்து, ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் துப்பாக்கிப் பக்கம் எழுதியவர். 130 கிரெய்ன் குண்டு, அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே, வேகமாகப் போனால் போதும் என்பார். எதிர்க்கட்சி எல்மர் கீத்: ஐடஹோ மாட்டுப்பண்ணை ஆள், பெரிய தொப்பி, வாயில் சுருட்டு. அவருக்கு .30-06-கூட நோஞ்சான்தான். இரண்டு பவுன் எடையாவது வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. எந்தத் தோட்டாவில் சாக விருப்பம் என்று மானை இருவருமே கேட்கவில்லை.

குறிபார்க்கும் கண்ணாடிக் கதை இன்னும் தமாஷ். 1850-களின் ஸ்கோப் துப்பாக்கிக் குழல் நீளம் இருந்தது. 1930-ல் பில் வீவர் 19 டாலருக்குச் சின்னதாக ஒன்று கொடுத்தார். ஏழைக்கும் எட்டியது, மழைக்குத் தாங்கவில்லை. ஓரிகன் ஈரக்காட்டில் மார்க்கஸ் லூபோல்டு குறிவைத்தபோது கண்ணாடிக்குள் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. மான் நடையைக் கட்டியது. நில அளவைக் கருவி செய்யும் குடும்பம், சும்மா இருப்பாரா? உள்ளே நைட்ரஜன் அடைத்து 1947-ல் ஆவி படியாத ஸ்கோப்பை விற்கவே ஆரம்பித்தார். இத்தனை பேர் மூளையில் அந்த ஒரு மான் செய்ததுதான் உருப்படியான காரியம்.

அடர்ந்த காட்டில் நூறு கஜத்துக்குள் சுடுகிறவருக்கு பழைய .30-30 இன்றும் போதும். மிச்சக் காசுக்கு இன்னும் நாலு பெட்டித் தோட்டா வாங்கி, முதலில் அட்டையில் சுட்டுப் பழகட்டும்.