கற்பிட்டிக் கன்னியும் லண்டன் சீப்பும்

கற்பிட்டிக் கடலில் ஒரு கன்னி இருந்தாள். நீளம் பத்தடி வரை போகும். நிறை நானூறு கிலோவைத் தொடும். தலையில் கூந்தல் கிடையாது. வாயைச் சுற்றி முரட்டு மீசை மட்டும் உண்டு. களப்பின் அடியில் புல் மேய்வாள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்குவாள், மறுபடியும் மேய்வாள். பாட்டு வராது. மாலுமிகளை மயக்கும் உத்தேசமும் இல்லை. நம் மீனவர்கள் ஆவுளியா என்றும் பாடப்புத்தகங்கள் கடற்பசு என்றும் அழைக்கும் இந்தச் சாது, விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் அச்சகங்களுக்குள் போய் வெளியே வந்தபோது இடை மெலிந்து, மீசை உதிர்ந்து, இடுப்பு வரை கூந்தல் வளர்ந்து, கையில் சீப்பும் கண்ணாடியுமாக இருந்தாள். எந்த அழகு நிலையமும் இன்றுவரை முறியடிக்காத சாதனை இது.

இந்த உருமாற்றத்தின் வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கண்டவர் வரைந்திலர், வரைந்தவர் கண்டிலர். விரித்துச் சொன்னால்தான் வேடிக்கை.

ஆவுளியாவில் பெண் சாயல் கண்டவர்களை முழுப் புளுகர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. அதன் மடி மற்றப் பசுக்களுக்குப் போலப் பின்னால் இல்லை. முன் துடுப்புகளின் அக்குளில், ஏறக்குறைய மனிதத் தாய்க்கு உள்ள இடத்தில்தான் இருக்கிறது. ஈனுவது ஒரே ஒரு குட்டி. அது தாயை ஒட்டியே நீந்தும். ஆள் அரவம் கேட்டால் தாய் தலைகீழாக முழுகும். அப்போது பிளவுபட்ட வால் மட்டும் மேலே எழுந்து மறையும். மாதக்கணக்காக உப்பு இறைச்சியையும் சக மாலுமிகளின் தாடியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்தி வெளிச்சத்தில் இவ்வளவு போதும். மிச்சத்தை அவனே நிரப்பிக்கொள்வான்.

ஏலியன் என்றொரு ரோமானிய எழுத்தாளர். இத்தாலியை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை என்று பெருமை பேசியவர். இலங்கையைச் சூழ்ந்த கடலில் பெண் உருவப் பிராணிகள் உண்டென்றும் அவற்றுக்குக் கூந்தல் இருக்கவேண்டிய இடத்தில் முட்கள் இருக்குமென்றும் எழுதிவைத்தார். வீட்டைவிட்டு நகராத மனிதர் அந்த மீசைக்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டார் பாருங்கள்! 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளுக்கு அருகே ஆவுளியாவின் தூரத்து உறவான மனாட்டிகள் மூன்றைக் கண்டு கடற்கன்னிகள் என்றே நம்பினார். ஆனால் படத்தில் காட்டுகிற அளவுக்கு அழகில்லை என்று குறிப்பும் எழுதினார். கடற்கன்னி ஓவியர்கள் மீதான நுகர்வோர் முறைப்பாடு என்று இதைத்தான் சொல்லவேண்டும். யாரும் விசாரணைக்கு எடுக்கவில்லை.

போர்த்துக்கேயர் காலத்தில் கதைக்கு வைத்தியச் சான்றிதழே கிடைத்துவிட்டது. 1560இல் மன்னார்ப் பக்கம் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல் மனிதர்கள் பிடிபட்டார்களாம். கோவாவுக்குக் கொண்டுபோய், அரசப் பிரதிநிதியின் சொந்த வைத்தியரே அறுத்துப் பார்த்தாராம். உள்ளுறுப்புகள் எல்லாம் அச்சொட்டாக மனிதருடையவை என்று தீர்ப்புச் சொன்னதாக யேசு சபை வரலாறு பதிந்திருக்கிறது. இதில் கடற்கன்னிகளுக்காகக் கவலைப்பட்டுப் பயனில்லை. அதே வைத்தியரிடம் வயிற்றுவலிக்கு மருந்து வாங்கிய கோவாவாசிகளை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

அடுத்து ஒல்லாந்தர். கற்பிட்டியில் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கியவர்கள். குடாநாட்டின் முனையில் இன்றும் டச்சு விரிகுடா ஒன்றும் போர்த்துக்கல் விரிகுடா ஒன்றும் இருக்கின்றன. வந்தவரெல்லாம் தண்ணீருக்குத் தம் பெயரை வைத்துவிட்டுப் போக, ஆவுளியா எந்தக் கொடியையும் பாராமல் இரண்டிலும் மேய்ந்தது. ஒல்லாந்தரின் கடற்கன்னிப் படம் இங்கே வரையப்பட்டதும் அல்ல. இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வேலை பார்த்த சாமுவேல் ஃபாலூர்ஸ் என்பவர் வரைந்தது அது. பக்கத்துப் புரு தீவில் பிடிபட்டாளாம். 59 அங்குல நீளமாம். தொட்டித் தண்ணீரில் நான்கு நாளும் ஏழு மணித்தியாலமும் உயிரோடு இருந்தாளாம். கொடுத்த உணவைத் தொடவில்லையாம், இடையிடையே சுண்டெலிபோலக் கீச்சிட்டாளாம். நாளோடு நின்றிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். ஏழு மணித்தியாலத்தையும் சேர்த்துச் சொன்னதால் ஐரோப்பாவே நம்பியது. பொய்க்குத் துல்லியம்தான் நகை. பாதிரியார் வலன்டைன் இதை 1720களில் வெளியான தம் பெரும் நூலில் பயபக்தியோடு சேர்த்துக்கொண்டார்.

இப்போது நம் கதாநாயகர் மேடையேறுகிறார். பெல்பாஸ்டில் 1804இல் வெறும் ஜேம்ஸ் எமர்சனாகப் பிறந்து, பணக்கார டென்னன்ட் குடும்பத்துப் பெண்ணை மணந்து, மாமனார் வீட்டுப் பெயரையும் தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட சர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட். நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும். அவருக்குப் பெயரும் கிடைத்தது. 1845இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக வந்தார். 1848இல் ஆளுநர் டொரிங்டனின் அரசு நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டு, மாத்தளையில் கலகத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது. லண்டனில் விசாரணை நடந்தது. 1850இல் ஆளுநரும் போனார், செயலாளரும் போனார். ஆவுளியாவுக்கு மட்டும் வரி போட மறந்திருந்தார்கள். அந்த நன்றியை அது கடைசிவரை காட்டவில்லை.

ஆட்சி கைகொடுக்காவிட்டால் என்ன, பேனா கைகொடுத்தது. 1859இல் இலங்கையைப் பற்றி இரண்டு பாகங்களில் அவர் எழுதிய நூல் ஓராண்டு போவதற்குள் ஐந்து பதிப்புகளைக் கண்டது. பிறகு இயற்கை வரலாற்றுப் பகுதியைத் தனியே விரித்து 1861இல் இன்னொரு நூலும் போட்டார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் நாவல் ஒன்றை இவருக்குக் காணிக்கை ஆக்கும் அளவுக்கு ஆள் பிரபலம். மட்டக்களப்பு வாவியில் இரவில் எழும் இசையைப் படகில் போய்க் கேட்டு எழுதியவரும் இவர்தான். ஆகக் கீழ்க்கரைக்குக் குரல் கிடைத்தது, மேற்கரைக்கு உருவம்.

கற்பிட்டிக் குடாவிலிருந்து இராமர் அணை வரை ஆவுளியா மேய்வதை டென்னன்ட் சரியாகவே எழுதினார். குட்டியை ஒரு துடுப்பால் அணைத்துக்கொண்டு தலையை நீருக்கு மேல் வைத்து நீந்தும் தாயைக் கண்டுதான் கடற்கன்னிக் கதை பிறந்திருக்கும் என்று நிதானமாக விளக்கவும் செய்தார். 1847இல் மன்னாரில் கொல்லப்பட்ட ஏழடிக்கு மேற்பட்ட ஓர் ஆவுளியாவைக் கொழும்புக்கே தருவித்தும் பார்த்தார். குளிரூட்டி இல்லாத காலத்தில் அந்த வாசனை எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பிட்டிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

இத்தனையும் செய்த மனிதர், தன் விளக்கத்தை நம்பி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆவுளியா படத்தோடு வலன்டைனின் கடற்கன்னிப் படத்தையும் அச்சிட்டார். அம்போன்காரிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. பொய் என்று எழுதிவிட்டுப் பொய்யின் படத்தைப் போட்டால் வாசகர் எதை நினைவில் வைப்பார் என்று கேட்கவேண்டுமா? இன்னும் ஒரு செய்தியும் அங்கே உண்டு: கற்பிட்டியில் இன்னும் பெரிய ஆவுளியாக்கள் பிடிபடுகின்றன, அவற்றின் இறைச்சி கன்றுக்குட்டி இறைச்சியைப் போல இருக்குமாம். படத்தில் கன்னி, பந்தியில் கறி! காளிதாசன் முதல் நம் சினிமாப் பாடலாசிரியர்கள் வரை எவரும் நாயகியை இப்படி வருணித்ததில்லை.

அதே 1859இல் இன்னொரு நூலும் வெளிவந்தது. கற்பிட்டியிலேயே 1807இல் பிறந்து, முதலியாராகி, சட்டநிரூபண சபை உறுப்பினராகி, சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்த சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டாக்’. தமிழ்ப் புலவர்களின் வரலாறு. 1834இலேயே இலங்கைக்கு ஒரு விவரத் திரட்டு தொகுத்தவர் அவர். ஆவுளியா மேய்ந்த கரையில் வளர்ந்த மனிதர் புலவர்களை எழுதினார். பெல்பாஸ்ட்காரர் ஆவுளியாவை எழுதினார். ஐந்து பதிப்பு யாருக்கு என்பது தெரிந்ததே. புலவர்களுக்கும் ஆளுக்கொரு வால் வைத்து வரைந்திருந்தால் கதையே வேறு.

லண்டனில் படம் உருவான விதத்தையும் பார்த்துவிடுவோம். பொக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தின் குறுக்குவெட்டில் ஓவியர் வரைவார். செதுக்குவதற்கு வேறு ஆட்கள். அந்த மரம் பருக்காது என்பதால் பெரிய படத்துக்குச் சிறு கட்டைகள் பலவற்றைத் திருகாணி போட்டு இணைப்பார்கள். அவசரமென்றால் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து இரவோடிரவாகச் செதுக்கி, காலையில் மறுபடி பூட்டுவார்கள். 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற ஏடுகள் உலகத்தை வாரந்தோறும் வாசகருக்குக் காட்டியது இப்படித்தான். இலங்கையிலிருந்து போகும் ஒரு சித்திரம், இலங்கையைக் காணாதவர் கையால் திருத்தப்பட்டு, இன்னும் காணாத நாலு பேர் கையால் செதுக்கப்பட்டு வரும். தலையை ஒருவரும் வாலை ஒருவரும் செய்கிற தொழிற்சாலையில் கடற்கன்னியைவிடப் பொருத்தமான சரக்கு வேறேது?

‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ ஏட்டுக்கு ஓராண்டு முன்னால் பிறந்த ‘பஞ்ச்’ நகைச்சுவை ஏட்டுக்குக் கடற்கரை என்றால் அல்வா. அதன் ஓவியர் ஜோன் லீச், சக்கரம் பூட்டிய குளியல் பெட்டிகளில் ஏறி, குதிரை இழுக்கக் கடலுக்குள் போய், யார் கண்ணிலும் படாமல் நனைந்து திரும்பும் சீமாட்டிகளைச் சலிக்காமல் வரைந்தார். கணுக்கால் தெரிந்தால் மானம் போகும் என்றிருந்த சமூகம் அது. அந்தச் சமூகத்தின் ஓவியர் துணியில்லாமல் ஒரு பெண்ணை வரைய ஆசைப்பட்டால் என்ன செய்வார்? கீழ்ப்பாதியை மீனாக்குவார். கால் இல்லாவிட்டால் கணுக்காலும் இல்லை, குற்றமும் இல்லை. மத்தியகாலத்திலிருந்து வந்த சீப்பை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதும் இதற்குத்தான். தலைவாரும் பெண்ணை வெறித்துப் பார்த்தால் அது கலை. வாட்டர்ஹவுஸ் 1900இல் வரைந்த கடற்கன்னி இன்றும் கூந்தலைக் கோதிக்கொண்டேதான் இருக்கிறாள்.

மகாராணி போய் மகன் எட்வர்ட் அரியணை ஏறியபின் கன்னிக்கு நாகரிகமும் முற்றியது. 1902இல் எச். ஜி. வெல்ஸ் எழுதி, லூயிஸ் பாமர் படம் வரைந்த ‘தி சீ லேடி’ கதையில் அவள் கரையேறி நடுத்தர வர்க்க வீடொன்றில் விருந்தாளியாகிறாள். வாலைப் போர்வையால் மூடி, நோயாளிகளுக்கான சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிறார்கள். அயலார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில் நம் புத்தளத்து வீடுகளுக்குச் சற்றும் குறையாத வீடு அது.

படத்துக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தைக் காசாக்கியவர்களும் உண்டு. 1842இல் நியூயோர்க்கில் பார்னம், குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் தைத்த ஒரு வற்றலைக் கடற்கன்னி என்று காட்டினார். வெளியே பதாகையில் பேரழகி. உள்ளே போனால் கருவாடு. கற்பிட்டி வாடிகளில் அதைவிட நல்ல கருவாடு அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும். பிற்காலத்தில் ஏடன் துறைமுகத்திலும் பதப்படுத்திய ஆவுளியாவைக் கடற்கன்னி என்று காட்டி, அஞ்சலட்டையும் அடித்து விற்றார்கள்.

கண்டதை வரைந்தவர் ஒருவரும் இல்லையா என்றால், இருந்தார். கொழும்புப் பறங்கியர் சமூகத்தில் 1831இல் பிறந்த ஜே. எல். கே. வான் டோர்ட். மாட்டுவண்டியும் தெருவும் சனமுமாக இலங்கையின் அன்றாடத்தை வரைந்தவர். 1870ஐ ஒட்டிக் கொழும்பிலிருந்து ‘பஞ்ச்’ பாணியில் ஆங்கில நகைச்சுவை ஏடொன்று வந்தபோது அதற்குக் கேலிச்சித்திரமும் போட்டார். ஏட்டின் பெயர் ‘முனியாண்டி’! கோப்பித் தோட்டத் துரைமார் சாய்மனைக் கதிரையில் கிடந்து முனியாண்டியைப் புரட்டினார்கள். சாமிக்குச் சுருட்டு வைத்தார்களா என்று கேட்காதீர்கள். வான் டோர்ட் கையில் ஆவுளியா சிக்கியிருந்தால் மீசையோடு வந்திருக்கும்.

நகைச்சுவை இத்தோடு தீர்ந்தது. படத்துக் கன்னிகள் பெருகப் பெருக, கடலில் இருந்தவை குறைந்தன. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு குட்டி என்ற வேகத்தில் பெருகும் உயிர், வலைக்கும் டைனமைட்டுக்கும் ஈடுகொடுக்க முடியாது. இலங்கைச் சட்டம் 1970இலிருந்து ஆவுளியாவைப் பாதுகாக்கிறது. எதிர்க்கரையில் தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. சட்டம் கரையில் நிற்கும். வலையடியில் நிற்பவர் நீங்கள். ஆகவே கற்பிட்டி, புத்தளம், சிலாபத்துச் சம்மாட்டிமாரே, வலையில் ஆவுளியா உயிரோடு சிக்கினால் தலையை நீருக்கு மேல் பிடித்து, வலையை அறுத்து விட்டுவிடுங்கள். யாராவது பொட்டலத்தைக் காட்டி நல்ல கறி என்று காதோடு சொன்னால் வாங்காதீர்கள்.