நின்ற திருக்கோலத்தில் ஒரு விருது

தொழிலாளர் நல விருது விழாக் குழுவினரின் மேலான பார்வைக்கு,

உட்காரும் உரிமைக்காகப் போராடியவர்கள் என்று எங்கள் ஜவுளிக்கடை ஊழியர் சங்கத்தைத் தேர்ந்தெடுத்து, மே தினத்தன்று மேடைக்கு அழைத்து, விழா முடியும்வரை எங்களை ஓரமாக நிற்கவைத்த தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நன்கொடையாளர்களுக்கே நாற்காலி போதவில்லையாம். வரவேற்புக் குழுத் தம்பி ஆறுதலாகச் சொன்னார்: "உங்களுக்கு நின்னு பழக்கம்தானேக்கா?"

நாங்கள் மதுரைக்காரர்கள். எங்கள் கூடலழகர் மூன்று தளங்களில் இருந்தும் நின்றும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். எங்கள் கடைக்கும் மாடிகள் உண்டு. காட்டன், பட்டு, ரெடிமேட் என்று எதில் ஏறினாலும் நின்ற திருக்கோலம் மட்டும்தான். பெருமாளுக்குக் கிடைத்த ஷிஃப்ட் மாற்றம் எங்களுக்கு வாய்க்கவில்லை. தங்கள் விழாவில் அந்த நின்ற கோலத்தை முறையாகப் பிரதிஷ்டையே செய்துவிட்டீர்கள்.

பட்டுப் பொன்னாடை என்று மைக்கில் சொன்னார்கள். நாள் முழுக்கப் புடவை மடிக்கிற கை ஐயா, தொட்டவுடனே பாலியஸ்டர் என்று தெரிந்துவிட்டது. பரவாயில்லை, துவைக்க எளிது. பாராட்டுப் பத்திரத்தில் 'தளராது நின்று' என்று எழுதிய புலவர் எவரோ, அவர் தீர்க்கதரிசி.

சிறப்பு விருந்தினர் 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதைச் சொன்னார். கேட்கப் பெருமையாக இருந்தது. ஏற்புரைக்கு நேரம் தந்திருந்தால் நாங்களும் கொஞ்சம் சொல்லியிருப்போம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைகளில் கழிப்பறைக்குப் போகக்கூட வழியில்லாத பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' தொடங்கினார். அவர்கள் உட்காரும் உரிமைக்கும் போராடிப் போராடி 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்கிறது அது.

எங்கள் மாடியில் அந்தச் சட்டம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலாக எழுந்தருளுகிறது. ஆய்வாளர் வருகிற நாளில் குடோனிலிருந்து மேலே வரும். அவர் டீ குடித்துக் கிளம்பியதும் கீழே இறங்கிவிடும். மற்ற நாளில் யாராவது குத்தவைத்தால் கேமராவில் பார்த்து இன்டர்காமில் கூப்பிடுவார்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். சும்மா நிற்பதற்குக்கூட அனுமதி இல்லை, நின்ற திருக்கோலத்திலும் கைங்கரியம் நடக்க வேண்டும்.

முன்வரிசை சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாரே, விழாவின் பெருங்கொடையாளர், அவர் எங்கள் முதலாளி. அவர் கடையில்தான் என் பக்கத்து கவுண்டர் அக்காவுக்குக் கெண்டைக்கால் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் சூப்பர்வைசர் நேரம் பார்ப்பார் என்று தீபாவளி சீசன் முழுக்க நாக்கு வறள நிற்கிறார். அந்த ஆளிடம் பணம் வாங்கி எங்களுக்குக் கேடயம் கொடுக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். விருது வாங்கியவர்கள் இப்படிப் பேசுவது மரபல்ல. கேடயம் மிக அழகு. நல்ல கனமும்கூட.

தங்கள் குழுவில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரியும் நேரத்தில், சொல்லாமல் வாருங்கள். வாசலில் புடவை எடுக்க வந்ததாகச் சொன்னால் போதும். லிஃப்ட் வேண்டாம், லிஃப்ட் பையன் இன்டர்காமில் தகவல் சொல்லிவிடுவான். படியேறி வந்து, ஊழியருக்கு ஒரு இருக்கை எங்கே என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்டு போங்கள். டீ மட்டும் குடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
காட்டன் பிரிவு, இரண்டாம் மாடி.