பீரங்கிக்கு ஒரு கணக்கு, கறுப்பனுக்கு ஒரு கணக்கு

கொல்லிமலை வாசலூர்பட்டிப் படகுத்துறையில் மிதிபடகுதான் பெரிய கப்பல். அதனாலென்ன, இங்கே உட்கார்ந்தே ‘குவீன்பரோ’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலுக்கு ஒப்பாரி வைக்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே அட்மிரல்களின் அதிகாரம் எட்டாது.

குவீன்பரோ, 24 பீரங்கி ஃபிரிகேட். அதாவது, அணிவகுத்து மோதும் பெரிய கப்பல்களுக்குச் சமிக்ஞை சுமந்து ஓடுகிற எடுபிடி. 1758-இல் கடலூர், நாகப்பட்டினம் கடற்போர்களில் ஆங்கிலேய அட்மிரல் போக்காக்கின் படையோடு ஓடியது. பிறகு, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது அங்கே வந்தது. 1761 புத்தாண்டுப் புயல் அதைத் தூக்கி, புதுச்சேரிக்குத் தெற்கே கரையில் அடித்தது. டியூக் டாக்கித்தேன், சண்டர்லேண்ட் ஆகிய கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. மாண்டவர்கள் 1,100 ஐரோப்பியர். மரத்துண்டுகளைப் பிடித்து மிதந்து பிழைத்தவர்கள் ஏழு வெள்ளையர், ஏழு லஸ்கர்கள், அதாவது நம்மூர் மாலுமிகள். செத்த லஸ்கர்கள் எத்தனை? மன்னிக்கவும், அந்தப் பத்தி கணக்கில் இல்லை. பிழைத்தால் எண்ணுவார்கள்; செத்தால் கடல் எண்ணிக்கொள்ளட்டும்!

அதற்கும் ஐந்து வாரம் முன்பு, கோட்டைக்குள் அரிசி குறைந்ததும், பிரெஞ்சுத் தளபதி லாலி ஒரு சிக்கனத் திட்டம் கண்டார். ஊரில் இருந்த நம்மவர் சுமார் 1,400 பேரை, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து, வாசலுக்கு வெளியே தள்ளினார். வெளியே ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட். அவர் வழிவிட மறுத்தார். உள்ளே பசி கூடினால்தானே கோட்டை சீக்கிரம் விழும்? திரும்பிப் போனால் கோட்டையிலிருந்து சூடு. முன்னே வந்தால் ஆங்கிலேயரிடமிருந்து சூடு. நடுவே ஒரு வாரம் புல்வேர் தின்றார்கள். எட்டாம் நாள் கூட்டுக்கு இரக்கம் சுரந்தது. நாகரிகம் மெதுவாகத்தான் சுரக்கும் போலிருக்கிறது.

கப்பல் போனாலும் முற்றுகை போகவில்லை. புயலடித்துப் பதினைந்தே நாளில் புதுச்சேரி விழுந்தது. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி முன்பு இடித்தாராம். பதிலுக்கு ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு ஊரும் யாருடையவை என்று இருவரும் கேட்கவில்லை. லாலியின் தலையை 1766-இல் பாரிஸே வெட்டியது. அவர்மீதான குற்றப்பட்டியலில் புல்வேர் தின்றவர்களுக்காக ஒரு வரி தேடிப் பாருங்கள்!

குவீன்பரோவுக்குப் பெயர் உண்டு, பீரங்கி எண்ணிக்கை உண்டு, அழிந்த தேதி உண்டு. அந்த 1,400 பேரில் ஒருவருக்கும் பெயரில்லை. கூட்டுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. அதில் துக்கத்தோடு ஓர் இந்தியக் கைதியும் செதுக்கப்பட்டிருக்கிறான். அவனைச் செதுக்கிய கூலியும் நம் வரிப்பணம்தான்.