ராணி வந்துபோன படம்

1997 அக்டோபர் 16 அன்று இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நகருக்கு வந்தார். கமல் ஹாசனின் 'மருதநாயகம்' படத்துக்கு அன்றுதான் தொடக்க விழா. முதல்வர் கலைஞர் இருந்தார், மூப்பனார் இருந்தார், சோ இருந்தார். ஒன்றரைக் கோடி ரூபாய் செலவழித்து எடுத்த முன்னோட்டம் ஒன்றும் அந்த விழாவையொட்டி வெளியானது. படப்பிடிப்புத் தளத்தில் ராணி சுமார் இருபது நிமிடம் இருந்துவிட்டுப் புறப்பட்டார். அவர் வந்து பார்த்த அந்தப் படம் அம்பத்தூர் ராக்கி தியேட்டருக்கும் வரவில்லை, முருகனுக்கும் வரவில்லை, பூந்தமல்லி பகவதிக்கும் வரவில்லை. உலகத்தில் எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை.

அன்றைக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப் கான், ராமநாதபுரம் சீமையில் பிறந்து, கிழக்கிந்தியக் கும்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக உயர்ந்தவர். 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்து பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளை அறுத்துத் தொல்லை கொடுத்தவர். 1759 பிப்ரவரியில் முற்றுகை உடைந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. கும்பெனியை எதிர்த்த பாளையக்காரர் புலித்தேவனை ஒடுக்கியவரும் அவர்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. மதுரைக்கு ஆளுநரான அவர், பிறகு ஆற்காடு நவாபையும் கும்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையைச் சுற்றி வளைத்தும் பிடிக்க முடியாமல், கடைசியில் உள்ளேயிருந்தவர்களின் துரோகத்தால் பிடித்து, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கம் இருக்கிறது.

தூக்கு நடந்து 233 ஆண்டுகள் முடிந்த மறுநாள் அந்த விழா. தூக்கிலிட்டவர்களின் நாட்டு ராணி, தூக்கிலிடப்பட்டவனின் கதை படமாவதைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். ஒரு தமிழ்க் கலைஞன் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? வரலாற்றில் தோற்றுப்போன ஒருவனுக்கு இவ்வளவு பெரிய சபையைக் கூட்டிக்கொடுத்த வேறு சினிமா விழா எனக்குத் தெரிந்து இல்லை.

நாங்கள் அப்போது அம்பத்தூர் ஒரகடத்தில் குடியிருந்தோம். அப்பா டி.ஐ. சைக்கிள்ஸில் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். பர்மிங்காம் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஹெர்குலிஸ் சைக்கிள் செய்து செய்து கை காய்த்துப்போன மனிதர். இரவுச் செய்தியில் ராணியைக் காட்டியபோது, சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மாவ நாங்க முப்பத்தாறு வருஷம் முன்னாடியே தரை டிக்கெட்ல உக்காந்து பாத்துட்டோம்டா. இப்பதான் அவங்க நம்ம படத்தப் பாக்க வந்திருக்காங்க."

அவர் சொன்னது 1961ஐ. அந்த ஆண்டு பிப்ரவரியில் ராணி முதல்முறையாக மெட்ராஸுக்கு வந்தார், காமராஜர் முதல்வர். எந்தக் கொட்டகையாக இருந்தாலும் படம் போடுவதற்கு முன் அரசின் செய்திப்படம் போட்டே ஆகவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஃபிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீல் முடியும் வரை யாரும் அசைய மாட்டார்களாம், அணைக்கட்டுத் திறப்பு வரும்போது மட்டும் பீடி பற்றவைக்க எழுந்து போவார்களாம். ராணி வந்த ரீலுக்கு ஒருவரும் வெளியே போகவில்லை என்றார் அப்பா. மணல் குவித்து உட்கார்ந்த ஆட்கள், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பெண்கள் பக்கத்தில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டவர்கள், எல்லோரும் வாய் திறந்து பார்த்தார்களாம். "அரசாங்கம்னா இப்பிடித்தான் போகுமாம்மா" என்று என் பாட்டி கேட்டதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

ராஜ குடும்பத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு சினிமா பிறந்த கையோடு தொடங்கியது. 1896 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் விக்டோரியா ராணியைப் படம் பிடித்தார்கள். அடுத்த மாதமே வின்சர் கோட்டையில் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். தன்னைத்தானே திரையில் பார்த்த முதல் அரசிகளில் அவர் ஒருவர். கிட்டத்தட்ட அதே காலத்தில் நம் ஊரில் முதன்முதலாகச் சலனப்படம் ஓடியதும் அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்தில்தான். ஆவடி ரயிலில் போய் சென்ட்ரலில் இறங்குகிறவர்கள், ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பார்க்காமல் போக முடியாது.

ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பரில் டில்லியில் தர்பார் நடத்தினார். அதை கைனமாகலர் என்ற முறையில் வண்ணத்திலேயே படமாக்கி, 1912இல் லண்டன் ஸ்காலா தியேட்டரில் இரண்டரை மணி நேரம் ஓட்டினார்கள். மே மாதம் ராஜாவும் ராணியும் போய், இந்தியா தங்களுக்கு முன் தலைவணங்கியதைத் தாங்களே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ராஜ குடும்பம் படம் பார்ப்பது ஆண்டு விழாவாகவே ஆனது. 1946 நவம்பர் 1 அன்று லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் தியேட்டரில் முதல் அரச திரைக்காட்சி. ஆறாம் ஜார்ஜ் குடும்பத்தோடு வந்தார். நலிந்த சினிமாத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டுவதுதான் நோக்கம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். நம் சினிமாவில் லைட்மேன்களும் துணை நடிகர்களும் முதுமையில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சென்னையில் மட்டும் ராஜ குடும்பமும் சினிமாவும் வேறு விதமாகச் சந்தித்தன. 1922 ஜனவரி 13 அன்று வேல்ஸ் இளவரசர் மெட்ராஸுக்கு வந்தார். ஒத்துழையாமை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஊர் முழுக்க ஹர்த்தால். கூட்டம் மவுண்ட் ரோடில் இருந்த வெலிங்டன் சினிமாவுக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. இளவரசர் வருகை நாளில் கோபத்தைக் காட்ட ஜனங்கள் ஒரு சினிமாக் கொட்டகையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. கொட்டகை அதற்குள்ளாகவே ஊருக்குப் பொதுவான இடமாகிவிட்டிருந்தது; யாருடைய பக்கம் நிற்கிறது என்று அதையும் கேட்டார்கள். அந்த இடத்தில் பின்னால் வந்ததுதான் வெலிங்டன் பிளாசா.

அடித்து நொறுக்கிய 1922க்கும் வரவேற்று உட்காரவைத்த 1997க்கும் நடுவில் எழுபத்தைந்து ஆண்டுகள். இரண்டில் எது பெரிய பதில் என்று என்னைக் கேட்டால் இரண்டாவது என்பேன். கல்லை எறிவதைவிட, 'உங்கள் கும்பெனி தூக்கிலிட்டவன் இவன், பாருங்கள்' என்று காட்டுவதற்கு மனத்திண்மை அதிகம் வேண்டும்.

அதே 1997 நவம்பர் 18 அன்று லண்டனில் அரச திரைக்காட்சி நடந்தது. ராணியின் மகன் சார்லஸ் வந்தார். படம் 'டைட்டானிக்'. செலவு எல்லை மீறிவிட்டது, தயாரித்த ஸ்டூடியோவே மூழ்கும் என்று ஹாலிவுட்டில் பேசிக்கொண்ட படம் அது. மகன் பார்த்த படம் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி அம்பத்தூருக்கும் வந்தது. நண்பர்களோடு போய் நானும் பார்த்தேன். ஒரு மாதம் முன்னால் தாய் பார்த்துத் தொடங்கிவைத்த நம் படம் பணத்துக்குக் காத்துக் கிடந்தது. அதற்குச் சொன்ன பட்ஜெட் எண்பது கோடிக்கு மேல். அன்றைய தமிழ் சினிமா கனவிலும் காணாத தொகை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய முதலீடு விலகிக்கொண்டதும் வேலை நின்றது. இளையராஜா இசை, சுஜாதாவின் எழுத்து. சுஜாதா 2008இல் மறைந்தார். அவர் உழைத்த அந்தப் பக்கங்கள் எத்தனை பேரைச் சேர்ந்திருக்கவேண்டும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

தரமணியும் மாறிவிட்டது. 2000இல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் முழுக்க கண்ணாடிக் கட்டடங்கள். ராணிக்காக அரங்கம் போட்ட ஊர் இப்போது அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகளின் ஊர். சினிமா அங்கிருந்து எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் செம்பரம்பாக்கத்தில் இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் 2017 முதல் ஏழு சீசன் கமல் பிக் பாஸ் நடத்தினார். வார இறுதியில் அவர் கார் வருமென்று நசரத்பேட்டைப் பக்கம் பையன்கள் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 2020 பிப்ரவரியில் அதே இடத்தில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். சினிமாவுக்காக எங்கள் மண்ணில் பறிபோன உயிர்கள் அவை. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

2024 ஜனவரியில் கலைஞர் நூற்றாண்டு விழா மேடையில் முதல்வர் ஸ்டாலின், பூந்தமல்லி அருகே சுமார் 140 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். கேட்டதும் அப்பாவைத்தான் நினைத்தேன். அவர் இல்லை. இருந்திருந்தால் "அங்க மொதல்ல எந்தப் படம்டா?" என்று கேட்டிருப்பார்.

2022 செப்டம்பர் 8 அன்று ராணி மறைந்தபோது கமல் எழுதிய அஞ்சலியில், அவர் கலந்துகொண்ட ஒரே படப்பிடிப்பு அநேகமாக 'மருதநாயகம்'தான் என்று குறிப்பிட்டிருந்தார். எழுபது ஆண்டு ஆண்டவர், எத்தனையோ படங்களின் அரச திரைக்காட்சிகளில் கைகுலுக்கியவர், படம் உருவாகும் இடத்துக்கு வந்தது நம் ஊரில். அந்தப் பெருமை தரமணிக்கு இருக்கட்டும். மீதி வேலை எங்கள் பக்கம் நடக்கவேண்டும் என்பது என் ஆசை.

படம் முழுதாக வராவிட்டாலும், தொடக்க விழாவுக்கென்று எடுத்த அந்தச் சில நிமிடக் காட்சி இருக்கிறது. போனில் துண்டு துண்டாக, மங்கலாகப் பார்க்கிற பொருளல்ல அது. சுத்தம் செய்து, நல்ல ஒலியோடு, பூந்தமல்லித் திரைப்பட நகரம் திறக்கும் நாளில் முதல் காட்சியாகப் போடவேண்டும். ஆவடி டேங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட வேண்டும். மதுரையிலிருந்து யூசுப் கானின் அடக்கத்தைப் பேணி வருகிறவர்களையும் அழைத்து, முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.