கமிட்டி எக்ஸ்பிரஸ்

சம்பளமில்லாத பதவிக்கு அடிதடி இருக்காது என்பவர்கள் பழைய ரயில்பாதைகளைப் பாதுகாக்கும் சங்கம் எதையும் எட்டிப் பார்த்ததில்லை. வேல்ஸில் 1865-இல் உருவான தாலிலின் ரயில்பாதையின் உரிமையாளர் 1950-இல் இறந்தார். பாதையைக் காப்பாற்ற டாம் ரோல்ட் முதலான ஆர்வலர்கள் பர்மிங்காமில் கூடிச் சங்கம் அமைத்து, மறு ஆண்டு தன்னார்வலர்களாகத் தாங்களே ரயில் ஓட்டினார்கள், உலகிலேயே முதன்முறையாக. கவனியுங்கள், முதலில் கமிட்டி, அப்புறம்தான் ரயில். பின்வந்த சங்கங்கள் அந்த வரிசையைப் பக்தியோடு காப்பாற்றுகின்றன: எஞ்சின் கொட்டகையில் துருப்பிடித்தாலும் துணைக்குழு மட்டும் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும். கமிட்டி இல்லாவிட்டால் அந்தத் தண்டவாளம் காயலான் கடைக்குப் போயிருக்குமே என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ரோல்ட், இரண்டு கோடைக்காலம் மேலாளராக இருந்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். நிரந்தரத் தலைவர்களே, அந்த வழக்கத்தையும் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேருங்கள்.