மேடில்லாத ஊரில் மேடு காட்டும் கருவி

பழவேற்காட்டுக்குப் போகிற வழியைத் தவறவிடத் தனித்திறமை வேண்டும். பொன்னேரியில் கிழக்கே திரும்பினால் திருப்பாலைவனம். அதையும் தாண்டி மிதித்தால் காற்றில் கருவாட்டு வாசனை ஏறும். சாலை முடிந்து தண்ணீர் தொடங்கினால் ஊர் வந்துவிட்டது. "இதுக்கு எதுக்குப்பா ஜிபிஎஸ்?" என்று கேட்பவர்கள் எங்கள் உலகம் அறியாதவர்கள். சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிற ஜிபிஎஸ் கம்ப்யூட்டரை யாரும் வழி கேட்பதற்காக வாங்குவதில்லை. சாட்சி சொல்வதற்காக வாங்குகிறோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் மிதித்து, அதே அறுபதைத் திரும்பவும் மிதித்து வந்தாலும், திரையில் கோடு விழவில்லை என்றால் எங்கள் குழுவில் அது நடக்காத பயணம். கால்வலியை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள்.

என் சாட்சிக்கு வயதாகிவிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, ஓரத்தில் பொத்தான்கள், வரைபடம் கிடையாது. வானத்தில் எத்தனையோ நாட்டுச் செயற்கைக்கோள்கள் சுற்றினாலும் அதற்கு அமெரிக்காக்காரர்களை மட்டும்தான் பழக்கம். காலையில் வாசலில் வைத்து உயிரூட்டினால், அது கோள்களைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லி முடித்துவிடலாம். பெரும்பாலும் கோள்கள் முதலில் கிடைத்துவிடும். பதில்தான் கிடைக்காது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்கு இது குடும்ப மானப் பிரச்சினை. "மாமா, இன்னும் இந்த டப்பாவையா மாட்டிட்டுப் போறீங்க?" என்று ஆரம்பித்தால் கார்மின் எட்ஜ் வம்சாவளி முழுவதையும் ஒப்பித்துவிட்டுத்தான் ஓய்வான். 2009-இல் வந்தது எட்ஜ் 500. ஐம்பத்தேழு கிராம் எடை, பதினெட்டு மணி நேர பேட்டரி. 2019-இல் 530, அதில் வரைபடம் இருந்தது, ஏற்றம் வருவதை முன்கூட்டிச் சொல்லும் கிளைம்ப்ப்ரோ வந்தது. 2023-இல் 540, இரட்டை அலைவரிசை, இருபத்தாறு மணி நேர பேட்டரி, கூடக் கொஞ்சம் கொடுத்தால் வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ரகம். பதினான்கு வருடத்தில் எண் 500-லிருந்து 540-க்குத்தான் நகர்ந்திருக்கிறது. வருடத்துக்கு மூன்று எண்கூட ஏறவில்லை. விலைக்கு இந்த அடக்கம் கிடையாது.

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது இரட்டை அலைவரிசைதான், பெயரே கம்பீரமாக இருப்பதால். விஷயம் இது: கோளிலிருந்து வரும் சமிக்ஞை உயரமான கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தால் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத் தூரம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். நீங்கள் சாலையில் மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்து நகைக்கடைக்குள் மிதிப்பதாகக் கோடு போடும். புதிய கருவி 1575.42 மெகாஹெர்ட்ஸ், 1176.45 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளையும் கேட்டு, ஒப்பிட்டு, பொய் சொல்வது எது என்று கண்டுபிடித்துவிடும். அண்ணா சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது வரம். பழவேற்காட்டில் மோதித் திரும்புவதற்கு என்ன இருக்கிறது? கலங்கரை விளக்கம் ஒன்று, பள்ளிவாசல் மினார்கள், பனைமரங்கள். மற்றதெல்லாம் ஏரியும் வானமும். அங்கே இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துக் கோள்கள் ஒவ்வொன்றும் என் கிழட்டுக் கருவிக்கு நேரில் தரிசனம் தருகின்றன.

ஏற்றம் சொல்லும் வசதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போக ஏரியின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. பொன்னேரியிலிருந்து கடல் வரைக்கும் மலை என்று சொல்ல எனக்குக் கிடைத்தது அதுதான். அது எந்தக் கருவியின் கண்ணிலும் ஏற்றமாகப் படாது. என் முழங்காலுக்குப் படும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடும் கருவிகளுக்கு வானிலை மாறினால் நிலமே மாறியதாகத் தோன்றும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கும்போதே மைனஸ் மீட்டருக்குப் போயிருக்கிறேன். அதாவது கணக்குப்படி நான் கடல் மட்டத்துக்குக் கீழே வடை தின்றவன்.

வரைபடத்தின் கதை இன்னும் தமாஷ். வடக்கே ஆந்திரப் பக்கம் கோடையில் ஏரி வற்றி வெடித்த சேற்றுத் தரையாகக் கிடக்கும். புதிய கருவியில் வருடம் பன்னிரண்டு மாதமும் ஒரே நீலம். முகத்துவாரத்தை மணல் மூடும், வெட்டித் திறப்பார்கள், வெள்ளம் வந்தால் அதுவே உடைத்துக்கொள்ளும், மறுபடி மூடும். மீனவர்களுக்கு அது ஜீவ மரணப் போராட்டம். திறந்திருந்தால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும், படகு வெளியே போகும். கருவிக்குள் இருக்கும் வரைபடம் எப்போதோ ஒரு நாள் பார்த்ததை வைத்துக்கொண்டு இன்றைக்கும் சத்தியம் செய்யும்.

உண்மையில் அங்கே சைக்கிள்காரனைப் படுத்துவது வாடைக்காற்று. மார்கழியில் வடக்கு பார்த்து மிதித்தால் வேகம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். புதிய கருவி கைப்பேசியோடு பேசி வானிலையை வாங்கித் தரும். எதிர்காற்று என்று எனக்கே தெரிந்த செய்தியை வண்ணத்தில் காட்டும். தட்டை நிலம், எங்கு பார்த்தாலும் தண்ணீர், முகத்தில் அறையும் காற்று. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்த டச்சுக்காரர்களுக்குச் சொந்த ஊரிலேயே இருப்பதுபோல் தோன்றியிருக்க வேண்டும். பாவம், ஜெர்மனியில் பெடல் இல்லாத முதல் சைக்கிள் 1817-இல்தான் வந்தது. 1825-இல் ஊரை இங்கிலீஷ்காரனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மிதிக்கப் பிறந்தவர்கள், மிதிக்கவென்றே அமைந்த ஊரில் இருநூறு வருடத்துக்கு மேல் நடந்தே தீர்த்திருக்கிறார்கள்.

பழசா புதுசா என்று நான் குழம்பிக் கிடந்ததைத் தீர்த்து வைத்தவர் லைட்ஹவுஸ் குப்பத்து டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மீனவர். சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா தம்பி இது, செல்லா?"

"இல்லண்ணா, ஜிபிஎஸ்."

"எங்க போட்டுல கீறதும் ஜிபிஎஸ்தான். இம்மாஞ்சின்னதா கீதே. தண்ணில வுட்டா மெதக்குமா?"

மிதக்குமா என்று கம்பெனிக்காரனிடம் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. கடலில் பயன்படுத்தும் கைக்கருவிகளில் மிதக்கும் ரகம் உண்டு. இரண்டு பேட்டரி போட்டால் ஓடும், தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சைக்கிள் கருவிகளுக்கு ஐபிஎக்ஸ்7 என்று ஒரு சான்று கொடுத்திருக்கிறார்கள்: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் தாங்கும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான். இந்த ஏரிக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது என்று நானும் பூரித்தேன். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. ஏரியிலோ உப்பு.

"இத வெச்சி இன்னா பண்ணுவ?"

"எந்த வழியா போனேன், எவ்ளோ தூரம், எவ்ளோ கலோரின்னு எல்லாம் காட்டும்ணா. வீட்டுக்குப் போய் ஏத்தினா ஊரே பாக்கும்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "போன எடத்தயா? ஊருக்கா?"

அவர் அதிர்ந்ததற்குக் காரணம் உண்டு. கடலுக்கடியில் மீன் அடையும் பாறைப் பார் எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் தெரியும் கோபுரத்தையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வது பழைய வழக்கம். இப்போது அதை ஜிபிஎஸ்ஸில் அழுத்தி வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் பாயிண்ட். கருவி பத்து வருடப் பழசாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பாயிண்ட்தான் சொத்து. அதை மச்சானுக்குக்கூடக் காட்ட மாட்டார்களாம். ரிப்பேருக்குக் கொடுப்பதென்றால் முதலில் பாயிண்ட்டை நோட்டில் எழுதிக்கொண்டு, கருவியில் அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். ஏரிக்குள் எந்த ஊர்க்காரர் என்றைக்கு எங்கே வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரிக்கும் பாடு என்ற ஏற்பாட்டோடு வாழ்கிறவர்கள். இடம் என்றால் அது வருமானம். நானோ மூன்று மணி நேரம் மூச்சு வாங்கிச் சேர்த்த இடங்களை இலவசமாக உலகத்துக்கு ஏற்றிவிட்டு, யாராவது கட்டைவிரல் காட்டுவார்களா என்று காத்திருக்கிறேன்.

"கலோரின்னியே, அது கிலோ இன்னா வெலைக்குப் போவுது?" என்று கேட்டார். கிண்டலா அறியாமையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கிண்டல் என்பது என் கட்சி.

பேச்சை மாற்ற, இந்தியாவுக்கே சொந்தமாக நாவிக் என்று ஏற்பாடு இருக்கிறது, அதற்கான கோள்களை 2013-லிருந்து ஏவுகிறார்கள் என்று ஆரம்பித்தேன். வடக்கே கையை நீட்டினார். "அங்கேர்ந்துதான போவுது. அது போற அன்னிக்கு எங்கள கடலுக்குப் போவாதன்றாங்க." ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. கடலில் வழிகாட்டும் கோள் கிளம்பும் நாளில், வழி வேண்டியவர்கள் கரையில் உட்கார வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று அங்கிருந்து நடந்த நூறாவது ஏவலில் போன என்விஎஸ்-02, ஒரு வால்வு திறக்காததால் தனக்கான சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர முடியாமல் நின்றுவிட்டது. வழி சொல்லப் போனதற்கே இந்தக் கதி என்றால் கட்டடத்தைக் கண்டு தடுமாறும் என் கருவியை நான் ஏன் கோபிக்க வேண்டும்?

புதுசுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பழைய கருவியின் முதல் எதிரி சார்ஜ் குழி. எட்ஜ் 500 காலத்தில் மினி யுஎஸ்பி, 530-இல் மைக்ரோ, 540-இல் டைப்-சி. மினி கேபிள் இப்போது ரிச்சி தெருவில் கேட்டாலும் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார். குழியை மூடும் ரப்பர் போய்விட்டால் கடற்காற்றின் உப்பு உள்ளே குடியேறும். அடுத்தது பேட்டரி. உள்ளேயே வைத்து ஒட்டிவிட்டதால் பெட்டிக்கடை வைத்தியம் செல்லாது. பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் இளமைக் காலத்துக்கானது. பழவேற்காடு போய்வர அது போதும். பிரெவே என்ற நெடும்பயணம் போகிறவர்களுக்குப் போதாது: 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு இருபது, 400-க்கு இருபத்தேழு என்று கெடு. கெடு முழுவதையும் எடுத்துக்கொள்கிற என்னைப் போன்றவர்களுக்கு 400-இல் அந்த 540-க்கே ஒரு மணி நேரம் துண்டு விழும்.

பழைய கருவி இரண்டாம் கையாக வாங்குவதானால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சார்ஜ் குழியைப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். கேபிளும் சேர்த்துத் தந்தால்தான் காசு என்று சொல்லுங்கள். வியர்வைக் கையோடு தொடுதிரை மல்லுக்கட்டும். பொத்தான் ரகமே மேல்.

என் தீர்ப்பு இது. பழவேற்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று கடலோரமாகவே சுற்றுகிறவர்களுக்குப் பழசு தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறவர்களும், இரவெல்லாம் மிதிக்கிறவர்களும் புதுசை வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா மகன்கள் மகிழ்வார்கள். பழசை விற்கிறவர்கள் மட்டும், கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பயணங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு கோடும் உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது.